உப்புமலை இளவரசியை நான் எடைபோட்ட மாலை

ஒரு புத்தகத்தைப் படிக்காமலே மேடையேறிப் பேசுகிறவர்கள் எப்படியோ பிழைத்துக்கொள்கிறார்கள். 'ஆசிரியரின் நடை ஆற்றொழுக்கு' என்பார்கள், 'காலத்தின் கண்ணாடி' என்பார்கள், மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். முதல் எழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரை ஒழுங்காகப் படித்துவிட்டுப் போகிறவர்தான் வசமாக மாட்டிக்கொள்வார். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவில், ஒரு கடைவீட்டு மாடியில், கூட்டம் நிறைந்த மண்டபத்தில் மேடைமேல் நின்றபடி நானே கற்றுக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தொரு வயது. தமிழாசிரியர் பயிற்சியில் இருந்தேன். காலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் பாடம் எடுப்பேன், மதியத்துக்குமேல் பயிற்சி வகுப்புக்கு ஓடுவேன். அந்த வயதில் தமிழ் இலக்கியத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. (இப்போது கிளமெண்டி வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், தெரிந்ததும் எதுவும் இல்லை.) பார்வையில் ஒரு குறையும் இல்லாதபோதே, கண்ணாடி போட்டால் இன்னும் அறிவாளியாகத் தெரிவேனோ என்று கடைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு போன காலம் அது.

ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் அப்பா, அம்மா, அண்ணன் அந்தோணியோடு குடியிருந்தோம். அண்ணன் துறைமுகத்தில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்க வேண்டியவர் அங்கே பெரிய கிராணியாக இருந்த சுப்பையா சார். அண்ணனுக்கு அவர் மேலதிகாரி மட்டுமில்லை, காலையும் மாலையும் வழிபட வேண்டிய தெய்வம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் சாமியிடம் வைக்கிற விண்ணப்பம்கூட சுப்பையா சாரைப் பற்றித்தான் இருக்கும்.

அந்த சுப்பையா சார் ஒரு நாவல் எழுதினார்.

பகலெல்லாம் அரிசி மூட்டைக்கும் ரப்பர் பொதிக்கும் கையெழுத்துப் போடுகிற மனிதர், 'வெண்கொற்றக்குடையான்' என்ற புனைபெயரில் 'உப்புமலை இளவரசி' என்ற மாயாஜாலக் கதையை எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டார். அண்ணன் செயலாளராக இருந்த வாசகர் வட்டத்தில் அந்த மாதக் கூட்டம் அந்த நாவலுக்கு என்று முடிவானது. எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சாளர் நிறையும் சொல்ல வேண்டும், குறையும் சொல்ல வேண்டும், கடைசியில் எது கனம் என்று தீர்ப்பும் சொல்ல வேண்டும். அந்தத் தடவை பேசுவதற்கு ஒரு பெண் இருந்தால் நன்றாயிருக்கும் என்று யாரோ சொல்ல, அண்ணன் உடனே என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான்.

அச்சகத்திலிருந்து முதலில் வெளியே வந்த பிரதியை அவனே ஓடிப்போய் வாங்கி வந்து என் கையில் கொடுத்தான். முதுகில் பசை இன்னும் காயவில்லை. அட்டையில் வெள்ளை மலை, மலைமேல் ஒரு பெண், பெண்ணின் தோளில் ஐந்து தலை ஆந்தை. சுப்பையா சார் தனித்தமிழ்ப் பற்று உள்ளவர். அதனால் பக்க எண்கள்கூட பழைய தமிழ் எண்களில் இருந்தன. அந்த எண்களைப் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொன்றும் ஓர் எழுத்து மாதிரியே இருக்கும். எனக்கு ஒன்று, இரண்டு, மூன்று தெரியும். அதற்குமேல் தெரியாது. தெரியாது என்று பயிற்சியில் இருக்கும் ஒரு தமிழாசிரியை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? கதை படிக்கும்போது யார் பக்க எண்ணைப் பார்க்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். படித்த இடத்துக்கு அடையாளமாகப் பஸ் டிக்கெட்டைச் செருகிக்கொள்வேன்.

கதையின் தொடக்கம் நன்றாகவே இருந்தது. கடல் நடுவே ஒரு தீவு. தீவில் முழுக்க முழுக்க உப்பால் ஆன ஒரு மலை. அந்த மலைமேல் அரண்மனை. தண்ணீர் பட்டால் மலை கரையும் என்பதால் அந்த நாட்டில் யாரும் அழக்கூடாது. இளவரசிக்குப் பிறந்ததிலிருந்தே அழத் தடை. எழினன் என்ற மீனவ இளைஞன் அவளைக் காப்பாற்றக் கிளம்புகிறான். இதுவரை எல்லாம் சரி. அதற்கப்புறம் திடீரென்று ஒரு பாறை பிளந்தது, அரக்கன் வந்தான், எழினன் அவனோடு சண்டை போட்டான். எழினனின் தோளில் எங்கிருந்தோ ஓர் ஆந்தை உட்கார்ந்திருந்தது. அதுவும் செத்தது. அரக்கனின் தலை உருண்டது. நஞ்சு ஏறி எழினனும் செத்தான். புத்தகத்தில் பாதிகூடத் தாண்டவில்லை, எல்லோரும் காலி. அடுத்த அத்தியாயத்தில் செத்த எழினன் படகில் உட்கார்ந்து தேங்காய் உடைக்கிறான். செத்த ஆந்தை முட்டையிலிருந்து பொரிந்து வருகிறது. தலை போன அரக்கன் கோட்டை வாசலில் நின்று எழினனைப் பார்த்து 'யார் நீ?' என்று கேட்கிறான். அவன் வீட்டில் முத்துப்பேச்சி என்று ஒரு சமையல்காரி, ஓயாமல் பேசிக்கொண்டே அவனுக்குச் சோறு வடிக்கிறாள்.

எனக்குத் தலை சுற்றியது. ஆனால் நான் அறிவாளி அல்லவா, விடுவேனா? ஒரு தாள் எடுத்து, நடுவே கோடு போட்டு, இடது பக்கம் நிறை, வலது பக்கம் குறை என்று எழுதினேன். வலது பக்கம் நிரம்பி, தாளின் பின்புறமும் நிரம்பியது. இடது பக்கத்தில் 'அட்டைப்படம்' என்று மட்டும் இருந்தது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அண்ணன் அதை வாங்கிப் பார்த்தான். பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பிலோ, இதப் போய் அவர் முன்னாடி படிச்சேன்னா, திங்கக்கிழம நான் மூட்ட தூக்கத்தான் போகணும் லா."

செத்தவன் எப்படித் தேங்காய் உடைப்பான் என்று நான் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான்.

"இங்கிலீஷ் நாவல்ல எல்லாம் இப்ப அப்படித்தான் எழுதுறாங்க. பின்னாடி நடந்தத முதல்ல சொல்வாங்க, முதல்ல நடந்தத பின்னாடி சொல்வாங்க. அது குறை இல்ல, ஸ்டைல்."

அவன் அப்படிப்பட்ட ஓர் இங்கிலீஷ் நாவலையும் தொட்டதில்லை. 'உப்புமலை இளவரசி'யையும் அவன் படிக்கவில்லை, ஆனால் சுப்பையா சாரிடம் இரண்டு தடவை படித்ததாகச் சொல்லியிருந்தான். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது அவன் சொன்னது என் மண்டைக்குள் விளக்குப் போட்டது மாதிரி இருந்தது. அட, இது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும் என்று வெட்கப்பட்டேன். உடனே புதுத் தாள் எடுத்து, வலது பக்கத்தில் இருந்த அத்தனையையும் அப்படியே இடது பக்கத்துக்கு மாற்றி எழுதினேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. இடத்தைத்தான் மாற்றினேன். இப்போது குறை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. வட்டத்தின் வழக்கப்படி ஒன்றாவது சொல்ல வேண்டுமே என்று தேடி, சமையல்காரி முத்துப்பேச்சியைத் தூக்கி வலது பக்கத்தில் போட்டேன்.

கூட்டம் நடந்த மாடிக்குக் கீழே மசாலா அரைக்கிற கடை. மிளகாய் அரைக்கிற நாளில் எங்கள் இலக்கியக் கூட்டங்களில் கண்ணீருக்குப் பஞ்சம் இருக்காது. அன்றைக்கும் அரைத்தார்கள். நான் வெளிர்நீலச் சேலை கட்டி, கொண்டை போட்டு, தாளை இரண்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தேன். எனக்கு இந்தப் பக்கம் தலைவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நடேசனார். அந்தப் பக்கம் சுப்பையா சார், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை மாதிரி. கூட்டத்தில் பாதிப்பேர் கையில் புத்தகம் இருந்தது. முன்வரிசை நடுவில் சுப்பையா சாரின் மனைவி கமலம். பிரசவ ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ். தேக்கா வட்டாரத்தில் முக்கால்வாசிக் குழந்தைகளை உலகத்துக்குள் இழுத்துவிட்டது அவர் கைதான். கணவர் கிறுக்கித் தள்ளியதையெல்லாம் உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் படியெடுத்து அச்சகத்துக்குக் கொடுத்ததும் அவர்தான் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

நடேசனார் தலைமையுரையிலேயே அடித்து நொறுக்கினார். இது பிள்ளைகளைத் தூங்கவைக்கிற கதை, அரக்கனும் ஆந்தையும் இருபதாம் நூற்றாண்டுக்குத் தேவையா, தொழிலாளி எங்கே, சமுதாயம் எங்கே என்று கேட்டார். முடிவாக, "நேராகத் தொடங்கி நேராகவே முடிகிறது. திருப்பம் என்பதே இல்லை," என்றார். சுப்பையா சாரின் சட்டையில் இருந்த கஞ்சி மட்டும்தான் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது.

நேராகத் தொடங்கி நேராக முடிகிறதாம்! எனக்கு அந்தப் பெரியவர் மேல் இரக்கமே வந்தது. பாவம், வயதாகிவிட்டது, புதுமை புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றேன்.

என் தொண்டை அன்று நன்றாக ஒத்துழைத்தது. அதுதான் துரதிர்ஷ்டம். இந்த நாவல் காலம் என்னும் சங்கிலியை அறுத்தெறிகிறது என்று ஆரம்பித்தேன். மாண்டவன் மீண்டும் இளைஞனாகக் கடலில் மிதக்கிறான், இது நினைவுக்கு மரணமில்லை என்பதன் குறியீடு என்றேன். இறந்த ஆந்தை முட்டைக்குள் திரும்புவது பிறவிச் சுழற்சி என்றேன். தலை துண்டான அரக்கன் வாசலில் வந்து 'யார் நீ?' என்று கேட்கிறானே, தலை போனாலும் தலைக்கனம் போகாது என்ற தத்துவத்தை இதைவிட நயமாக யாரால் சொல்ல முடியும் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டேன். தமிழ் எண்களைப் பயன்படுத்தியதற்காக ஆசிரியருக்குத் தனியாக ஒரு பாராட்டு வைத்தேன். தமிழர்கள் தம் எண்களையே மறந்துவிட்ட காலத்தில், என்று குரலைத் தழுதழுக்க வைத்தேன். கீழே அரைத்த மிளகாய் அதற்கு உதவி செய்தது.

பிறகு, ஒரே வாக்கியத்தில் இரண்டு உலகங்களை மோதவிடும் உத்திக்கு எடுத்துக்காட்டாக, பஸ் டிக்கெட் வைத்திருந்த இடத்தைத் திறந்து உரக்கப் படித்தேன்:

"'இளவரசி தன் தோழியிடம், எனக்குப் பசிக்கிறது என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பாறையைப் பிளந்துகொண்டு வெளியே வந்து இடிபோல் முழங்கினான்.'"

படித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினேன். பசி என்னும் நெருப்பு ஒரு பெண்ணையே அரக்கனாக்கிவிடுகிறது என்று விளக்கினேன். சமுதாயம் எங்கே என்று கேட்டார்கள், இதோ இருக்கிறது சமுதாயம் என்று நடேசனார் பக்கம் கையை நீட்டினேன்.

புத்தகம் வைத்திருந்தவர்கள் பரபரவென்று பக்கத்தைப் புரட்டினார்கள். சிலர் ஒன்றும் அகப்படாமல், அகப்பட்டதுபோல் தலையை ஆட்டினார்கள். நடேசனார் தம் பிரதியைத் தூக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். நான் பார்த்தது சுப்பையா சாரை. முதலில் அவர் முகத்தில் ஒன்றும் புரியாத திகைப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறவிச் சுழற்சி வந்தபோது முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. தலைக்கனத் தத்துவம் வந்தபோது மெல்லப் புன்னகை செய்தார். பசியும் சமுதாயமும் வந்ததும் 'ஆமாம், ஆமாம்' என்று தலையசைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் குறைக்கு வந்தேன். குறை ஒன்றே ஒன்றுதான், அது முத்துப்பேச்சி என்ற சமையல்காரி என்றேன். வாய் ஓயாத பாத்திரம், கதைக்கு வேண்டாத பாத்திரம். அரக்கன் செத்த பிறகு அவனுக்கு எதற்குச் சோறு வடிக்கிறாள்? அடுத்த பதிப்பில் அவளை அடியோடு நீக்கிவிட்டால் இந்நாவல் காலத்தை வென்று நிற்கும் என்று தீர்ப்பு வழங்கி உட்கார்ந்தேன். பலத்த கைதட்டல். வாசல் பக்கம் கோப்பி வாளியருகே நின்ற அண்ணன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினான். அவன் கண்ணில் நிரந்தர வேலை மின்னியது.

சுப்பையா சார் ஏற்புரைக்கு எழுந்தார். நான்கு வருடம் இரவு பகலாக எழுதிய மனிதர், சற்று முன்தான் தலைவரிடம் சம்மட்டி அடி வாங்கியவர். அந்த நேரத்தில் கிடைத்த பாராட்டை யார்தான் முகவரி விசாரித்து வாங்குவார்கள்?

"என் நாவலின் உள்ளே நான் மறைத்து வைத்த நுட்பங்களை இங்கே ஒருவர்தான் கண்டுகொண்டார்," என்று செந்தமிழில் தொடங்கினார். "பலருக்குப் புரியாது என்று தெரிந்தே கால வரிசையை மாற்றினேன்." நடேசனார் தலை குனிந்து, மறுவாசிப்பு தேவைதான் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

அப்போது முன்வரிசையில் கமலம் எழுந்து நின்றார். வார்டில் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகிற மாதிரி நிதானமாக மேடைக்கு அருகே வந்தார். குரலில் கோபம் துளியும் இல்லை.

"டீச்சர், அந்தப் பசிக்கிற வரி எந்தப் பக்கத்துல வருது?"

புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்தின் அடியில் எண் இருந்தது. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். தமிழ் எண்களை மறந்த தமிழர்களுக்காகக் கண்ணீர் விட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஏதோ சொல்ல வேண்டுமே என்று கண்ணில் பட்டதை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"ச... அ."

"அடுத்த பக்கம்?"

"கூ... எ."

பின்வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள்.

"சஅன்னு தெரியுறது நாப்பத்தெட்டு டீச்சர். கூஎன்னு தெரியுறது தொண்ணூத்தேழு," என்றார் கமலம். "நாப்பத்தெட்டுக்கு அப்புறம் தொண்ணூத்தேழு எப்படி வரும்? பைண்டர் கட்டு மாத்தி வச்சுத் தச்சிருக்கான். நடுவுல இருக்க வேண்டியது பின்னாடி இருக்கும், பாருங்க."

பார்த்தேன். இருந்தது. எழினன் படகில் தேங்காய் உடைப்பது, ஆந்தை பொரிவது, முத்துப்பேச்சி சோறு வடிப்பது எல்லாம் சண்டைக்கு முன்னால் வரவேண்டியவை. அப்போது அரக்கன் உயிரோடு, நல்ல பசியோடு இருந்தான். தலையும் கழுத்துமேல்தான் இருந்தது. மற்ற எல்லோருடைய பிரதியிலும் கதை அப்படித்தான், நேராகத் தொடங்கி நேராக முடிந்தது.

கமலம் திரும்பிக் கணவரைப் பார்த்தார். அவர் இன்னும் மைக்கைப் பிடித்தபடியே நின்றிருந்தார்.

"நீங்க எப்பங்க கால வரிசைய மாத்தினீங்க? நான்தானே எழுதிக் கொடுத்தேன்."

அவ்வளவுதான். மண்டபம் அதிர்ந்தது. நாற்காலிகள் சாய்ந்தன. நடேசனார் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறி, இரண்டு பேர் முதுகைத் தட்ட வேண்டியிருந்தது. கீழே மசாலாக் கடைக்காரர், மாடி இடிகிறதோ என்று ஏறி வந்து பார்த்தார். அண்ணன் இருந்த இடத்தில் கோப்பி வாளி மட்டும் இருந்தது. நான் மேடையில் உட்கார்ந்தபடியே, என் கண்ணீர் பட்டாவது இந்தக் கட்டடம் உப்பாகக் கரைந்து என்னை விழுங்கிவிடாதா என்று ஆசைப்பட்டேன். கட்டடம் அசையவில்லை. நன்றாகக் கட்டியிருந்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் சுப்பையா சார் மைக்கை விட்டுவிட்டு என் அருகில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தை அவரும் பார்க்கவில்லை, அவர் முகத்தை நானும் பார்க்கவில்லை. குற்றவாளிக் கூண்டில் இரண்டு பேர். மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பிரதிய எனக்குத் தர்றியாம்மா?" கொடுத்தேன். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை அண்ணன் காய்ச்சல் என்று படுத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை அம்மா அவனை எழுப்பித் தள்ளிவிட்டாள். அலுவலகத்தில் சுப்பையா சார் மதியம் அவன் மேசைக்கு வந்து, "நீதான் ரெண்டு தடவ படிச்சியே அந்தோணி, உன் பிரதியில அரக்கன் எப்ப செத்தான்?" என்று மட்டும் கேட்டாராம். அண்ணன் "ரெண்டு தடவையும் செத்தான் சார்," என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பதிலுக்காகவே அவனை நிரந்தரமாக்கியதாகச் சுப்பையா சார் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வார இறுதியில் கணவனும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் சமையலறைக்குள் ஒளிந்தேன். கமலம் உள்ளேயே வந்து, ஒழுங்காகத் தைத்த ஒரு பிரதியை அடுப்புத் திண்டில் வைத்தார். கூடவே ஒரு சிலேட்டு. பூஜ்யம் போக மற்ற தமிழ் எண்கள் அத்தனையும் அதில் எழுதியிருந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்டால் வேண்டியிருக்கும் என்றார். கூடத்தில் சுப்பையா சார் அப்பாவிடம் வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். என் பிரதியை அதே கலைந்த வரிசையில் முழுக்கப் படித்தாராம். அரக்கன் செத்த பிறகும் முத்துப்பேச்சி அவனுக்குச் சோறு வடித்துப் பேசிக்கொண்டே இருக்கிற இடத்தில் அவருக்கே அழுகை வந்துவிட்டதாம். அப்படியே எழுதியிருக்கலாமோ என்று தோன்றுகிறதாம். சமையலறையிலிருந்து கமலம், "ஒரு தடவ எழுதிக் கொடுத்ததே போதும்," என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

சரியான பிரதியை அன்றே படித்தேன். இப்போது அறுபது வருடம் கழித்து, எந்தச் சபையிலும் நிற்காமல், நிதானமாக எடை போட்டுச் சொல்கிறேன். எழினன் மோசம். ஒரு தவறும் செய்யாத நாயகனை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? சண்டைக்கு நடுவே அவன் பேசுகிற வசனங்களுக்குள் அரக்கன் இரண்டு தூக்கம் போடலாம். கடைசியில் மூலிகை வந்து எல்லோரையும் பிழைக்க வைப்பது சோம்பேறித்தனம். ஆனால் அழக்கூடாத அந்த நாடு இருக்கிறதே, அது அசலானது. தகப்பன் சாகும்போது இளவரசி கண்ணை அகல விரித்துக் காற்றில் காயவைக்கிற ஒரு பக்கத்துக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம். அந்த நாட்டில் வெங்காயம் நறுக்கவே தனி அனுமதி வாங்க வேண்டும் என்று முத்துப்பேச்சி புலம்புவதும் அப்படித்தான். புத்தகத்திலேயே உயிரோடு இருப்பவள் அவள்தான். இதை நான் கமலத்திடம் நேரிலேயே சொன்னேன். சுப்பையா சார் முத்துப்பேச்சியைத் தம் வீட்டிலிருந்தே எடுத்திருக்கிறார் என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. "தெரியும்," என்று மட்டும் சொல்லிவிட்டு என் கையிலிருந்து சிலேட்டை வாங்கி, நான் தப்பாக எழுதியிருந்த ஆறைத் திருத்தினார்.

ஆறேழு வருடம் கழித்து, எனக்குக் கல்யாணமாகி முதல் பிரசவம். வலி எடுத்து வெகுநேரம் ஆகியும் குழந்தை வரவில்லை. சுற்றி நின்றவர்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மாதாவே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரை அழைத்துவர ஆள் போனது. அப்போது முகமூடி போட்ட ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, என் காலடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, என் முழங்காலில் கையை வைத்து, மேடைக்குக் கீழே நின்று கேட்ட அதே நிதானத்தில் சொன்னார்:

"டீச்சர், இங்க கூஎ முதல்ல வருது. கால்தான் முன்னாடி. பயப்படாதீங்க, வரிசைய நாங்க பார்த்துக்குறோம்."

எனக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. சிரித்ததில்தான் மூச்சும் வந்தது. டாக்டர் வந்து சேர்ந்து, அவரும் கமலமுமாக முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு தோள் என்று பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசியில் தலையை வெளியே கொண்டுவந்தார்கள். வந்தவன் அழுத அழுகையில் எந்த உப்பு மலையும் மிஞ்சியிருக்காது.

ஞானஸ்நானப் பெயர் ஜோசப். ஆனால் அன்று மாலை பார்க்க வந்த அண்ணன் கேட்டதும் கமலம் நடந்ததைச் சொல்லிவிட்டார். அதிலிருந்து வீட்டில் அவன் பெயர் கூஎ. தேக்காவிலும் கூஎ, பிறகு கிளமெண்டிக்குக் குடிவந்தும் கூஎ. தங்கைகளுக்குக் கூஎ அண்ணன், அண்ணன் பிள்ளைகளுக்குக் கூஎ அத்தான். அவன் கல்யாணத்தில் கமலம் நர்ஸம்மா மேடையேறி, எழுபது வயதில் மைக்கைப் பிடித்து, காரணத்தைப் பெண் வீட்டாருக்கு விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அவனுக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. நன்றாகப் படிப்பான், மாயாஜால நாவல் என்றால் உயிர். ஆனால் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் திறப்பான். கேட்டால், பிறவிப் பழக்கம் என்கிறான்.